பொழுதப் புடிச்சு வெய்யி

வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டே மகன் சொன்னான்.

“பொழுதப் புடிச்சு வெய்யி. ஏறி வந்து வாங்கிக்கறேன்.”

உள்ளேயிருந்த பெண்டாட்டி பதில் சொல்லவில்லை.

இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு வண்டி கிளம்பிவிட்டது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்குக் கை நின்றது. முறத்தில் கல்லும் அரிசியும் கலந்து கிடந்தன.

அது அவள் புருஷனின் பேச்சு.

புருஷன் கிணறு வெட்டினவன். வாயைத் திறந்தால் கிணறுதான். சோற்றுப் பானை காலியானால், பாறை தட்டிருச்சு என்பான். பிள்ளை அழுதால், ஊத்துக் கண்ணு தொறந்துக்குச்சு என்பான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், இதுக்கு வெடி வெச்சாத்தான் ஆகும் என்பான்.

அதையெல்லாம் ஊரே கேட்டது. கூட வேலை செய்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பொழுதைப் பிடித்து வைக்கச் சொன்னது அவளிடம் மட்டும்.

குழிக்குள் இறங்குகிறவனுக்கு வெயில் தெரியாது. மேலே இருக்கிறவள் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் கிளம்பும்போது அடுப்படி வாசலில் நின்று, அடுத்த வீட்டுக்குக் கேட்காதபடி சொல்வான்.

அவன் செத்தபின் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம் சொல்லவேயில்லை.

அப்போது மகன் தொட்டிலில் கிடந்தான். ஐந்து மாதக் குழந்தை.

இன்று அவனும் கிணற்று வேலைக்குத்தான் போகிறான். இப்போது கிரேனில் இறங்குகிறார்கள். மற்றபடி பாறை அதே பாறை.

அவன் கிளம்பும் நேரத்தில் அவள் வீட்டில் இருப்பதில்லை. நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாள். இன்று முழங்கால் வீங்கிக்கொண்டது.

மருமகள் சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் வாசல் பக்கம் திரும்பவில்லை.

“கோகிலா, என்ன சொல்லீட்டுப் போறான் அவன்?”

“தெனமும் சொல்றதுதானுங்க அத்தை. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, தெரியல, தானா வாயில வருதுங்கறாரு.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“நான் எதுக்குங்க பேசோணும்? எங்கம்மா கொழம்பு வெச்சா கெணத்துத் தண்ணியாட்டம் அடி தெரியுதுங்கறாரு. ஒரு நாளைக்காச்சும் பேச்சில்லாம போகட்டும்.”

மற்ற நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

புருஷன் கடைசியாக வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு, அவள் அண்ணன் வீட்டுக் கெடா வெட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவனும் பொழுதைப் பிடித்து வை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.

மத்தியானம் கிணற்றில் ஒரு பக்கம் மேல்மண் சரிந்தது.

மண்வெட்டி பட்டுவிடக் கூடாதென்று கையாலேயே தோண்டினார்கள்.

பொழுது இறங்கின பிறகுதான் அவன் மேலே வந்தான்.

“எந்திரி. ஓடிப்போயி அவங்கிட்டப் பேசிட்டு வா.”

“சாயங்காலம் வரட்டுங்க அத்தை. அப்பப் பேசிக்கறேன்.”

“இப்பப் போ.”

“போன்ல வேணா...”

போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. கிணற்றுக்கு அவன் அதைக் கொண்டு போவதில்லை. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“டீக்கடையில ஆள ஏத்தாம போகமாட்டான். வேலிக்கு நடுவுல இட்டேரியில குறுக்க போனீன்னா ரோட்டுக்கு நீ முந்தீருவ. பின்னாலருந்து கூப்புட்டுறாத. கெணத்துக்கு எறங்கறவன முதுகுல கூப்புடக் கூடாது. முன்னால போயி நில்லு.”

“வெயில்ல கொழந்தையத் தூக்கிட்டு நான்...”

“அன்னைக்கு நானும் இப்படித்தான் பேசாம உக்காந்திருந்தேன்.”

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

மாமனார் கிணற்றில் செத்தது அவளுக்குத் தெரியும். இது தெரியாது.

குழந்தையை மார்பிலிருந்து விலக்கி மாமியார் கையில் கொடுத்தாள். மாராப்பை இழுத்துச் செருகினாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

“என்னன்னு சொல்லட்டுங்க?”

அந்தப் பேச்சுக்கென்று ஒரு பதில் இருந்தது.

புருஷன் செத்ததற்கு முந்தின நாள் அவள் அதைக் கடைசியாகச் சொன்னாள். அதற்கப்புறம் தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

குழந்தையைக் கையில் சரியாக ஏந்திக்கொண்டாள்.

“புடிச்சிருக்கறேன், வந்து தொலைங்கன்னு சொல்லு.”

மருமகள் செருப்புப் போடாமல் ஓடினாள்.

அவள் குழந்தையோடு வாசலில் நின்றாள். முழங்கால் விண்ணென்று வலித்தது. உட்காரவில்லை.

ரோட்டுப் பக்கம் வண்டிச் சத்தம் வந்தது.

நின்றது.

கொஞ்ச நேரம் காக்கைச் சத்தம்தான் கேட்டது.

வண்டி மறுபடி கிளம்பிப் போனது. சொல்லியாகிவிட்டது என்பதற்காகக் கூலி வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது.

அவள் மூச்சு விட்டாள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தாள்.

பால் பாதியில் நின்றதற்குப் பேரன் அழவில்லை. தூங்கவும் இல்லை.

அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.