நேவிக்காரனுக்கு ஈய மீன்

"இது ஆருக்கு?" வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குணேஸ்வரி கேட்டாள்.

அருள்மலர் நிமிரவில்லை. ஈயத்தில் வார்த்த சின்ன மீனைக் குறட்டால் பிடித்து, மண்ணெண்ணெய் அடுப்பின் நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகச் சூடேறியதும் அதைச் சிவப்புச் சாயப் பவுடர் டப்பாவுக்குள் தோய்த்து எடுத்தாள். பவுடர் உருகி, மீனுக்குத் தோல் போல ஒட்டிக்கொண்டது.

"நேவிப் பெரியவருக்கு, அக்கா. பாரை மீன் பிடிக்கக் கேட்டவர்."

இந்த ஈய மீனைத் தூண்டிலில் கட்டி இழுத்தால் பெரிய மீன்கள் உயிருள்ள மீனென்று நம்பிப் பாய்ந்து கவ்வும். அருள்மலரின் கணவன் அல்பிரட்தான் அந்தத் தெருவில் முதலில் இதைச் செய்தவன். வாசலுக்கு இரும்புக் கேற் செய்து சாயம் பூசுகிற பட்டறையில் மிஞ்சும் பவுடரை வாங்கி வந்து, மனைவிக்கும் பழக்கியிருந்தான்.

போன வருசம் தொழிலுக்குப் போன அல்பிரட்டை நேவி கடலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. அதோடு தெருவுக்கே கடல் தடை. இப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் நேவிக்காரர்கள் மட்டும்தான்.

"உன்ர மனிசனைக் கொண்டுபோனவங்கள். என்ர பிள்ளையை பஸ்ஸால இறக்கிக் கொண்டுபோனவங்கள். அவங்களுக்கு நீ தூண்டில் செய்து குடுக்கிறாய்."

அருள்மலர் மீனைக் கம்பியில் கொழுவி, அடுப்பில் இருந்த பிஸ்கட் தகரத்துக்குள் தொங்கவிட்டு மூடினாள்.

"இன்னும் கொஞ்சம் வேகவேணும் அக்கா. இல்லாட்டி கல்லில பட்ட உடன சாயம் உரிஞ்சிடும்."

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லு. காசு தாறானோ?"

"இல்லை."

"காசும் இல்லாமல் என்னத்துக்கு?"

அருள்மலர் அடுத்த மீனை எடுத்தாள்.

அவள் சொல்லாத மறுமொழியைத் தெரு தானே சொல்லிக்கொண்டது. மாதா கோயிலில் அவள் இருந்த வாங்குப் பலகையில் வேறு எவரும் இருக்கவில்லை. பூசை முடிந்து வருகையில் யாரும் அவளோடு கதைக்கவில்லை. நேவி காம்ப் வாசலில் அவள் சிரித்துக்கொண்டு நின்றதைத் தன் கண்ணால் கண்டதாகக் குணேஸ்வரி வீடு வீடாகச் சொன்னாள். குணேஸ்வரி காம்ப் பக்கமே போனதில்லை என்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

அருள்மலர் வீட்டுக் கிணறு உப்பு. குடிக்க, சமைக்க எல்லாம் குணேஸ்வரி வீட்டுக் கிணற்றில்தான் அள்ளுவாள். ஒரு நாள் வாளியோடு வந்தபோது கிணற்றடிப் படலையில் பூட்டுத் தொங்கியது.

"நேவிக்காரன் பவுசர் லொறியில தண்ணி அனுப்புவான். போய்க் கேள்," என்றாள் குணேஸ்வரி.

அருள்மலர் வெறும் வாளியோடு தெருமுனைக் குழாய்க்குப் போனாள். அங்கே நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். தொற்று நோய்க்காரிக்கு விடுவதுபோல.

மாரி மழை தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம், குணேஸ்வரியின் மகன் தவராசா வீட்டுக்கு வந்தான்.

கால் ஒன்றை இழுத்து நடந்தான். முன்பல் இரண்டு இல்லை. ஆனால் உயிரோடு வந்தான். குணேஸ்வரி அவனைக் கதிரையில் இருத்தி, தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தாள். பத்திரகாளி அம்மன் தன் நேர்த்தியைக் கேட்டுவிட்டாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அடுத்த நாள் சர்க்கரைப் பொங்கல் வைத்து, தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அருள்மலர் அக்காவுக்குக் குடுத்தனீங்களோ?" தவராசா கேட்டான்.

"அவளுக்கோ? அவங்களுக்கு மீன் செய்து குடுக்கிறவளுக்கோ? அவளின்ர கதையை என்னோட கதையாதை."

தவராசா கையிலிருந்த கோப்பையை நிலத்தில் வைத்தான்.

"அம்மாட்டச் சொல்லவேண்டாம் எண்டு அக்கா சொன்னவ. எனக்குச் சொல்லாமல் இருக்க ஏலாதம்மா."

"என்னத்தை?"

"நேற்று என்னைப் பெரியவன்ர அறைக்குக் கொண்டு போனாங்கள். அங்க அக்கா இருந்தவ. மேசையில அவ செய்த மீன் கிடந்தது. இவன் உன்ர தம்பியோ எண்டு பெரியவன் கேட்டான். ஓம் எண்டவ. அதோட என்னை விட்டிட்டாங்கள்."

குணேஸ்வரி மெல்லச் சுவரோடு சாய்ந்து இருந்தாள்.

"தமிழ் தெரிஞ்ச நேவிக்காரன் ஒருத்தன்தான் என்னைக் காம்ப் கேற் வரைக்கும் கொண்டுவந்து விட்டவன். அவன் எல்லாம் சொன்னவன். காசு வேண்டாம், ஆளை விடுங்கோ எண்டு அக்கா கன நாளாக் கேட்டுக்கொண்டிருந்தவவாம். நேற்றுத்தான் பெரியவன் ஓம் பட்டவனாம். ஆனால் ஒராளைத்தான் விடுவன் எண்டவனாம்."

குணேஸ்வரியின் முகம் மறுபடி இறுகியது.

"ஒராள் எண்டால், தன்ர மனிசனை விட்டிட்டு உன்னைக் கேட்டவளோ? அவளும் ஒரு பெண்சாதியோ?"

"அல்பிரட் அண்ணையைத்தான் முதல் கேட்டவ. ஆள் போன வருசமே செத்துப்போச்சு எண்டு அப்பதான் சொன்னவங்களாம். அக்கா அழக்கூட இல்லையாம். கொஞ்ச நேரம் மேசையைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு, 'அப்ப தவராசாவை விடுங்கோ' எண்டவவாம்."