என்கிட்ட இசைத்தட்டே இருக்கு

டெட்ராய்ட்டில் செட்ரிக் பெரிய டி.ஜே. என்று முதலில் சொல்பவன் செட்ரிக்தான். அன்று மனைவி லவோனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

“புதுசா வர்றவங்களுக்கு பாட்டைக் கலக்க ரெண்டு சேனல் கன்ட்ரோலர் போதும். ரெண்டு பாட்டோட வேகத்தையும் காதாலதான் சேர்க்கணும், தானாச் சேர்க்கிற பட்டனைத் தொடவே கூடாது. நிகழ்ச்சிக்குப் போனா எல்லாப் பாட்டும் ரெண்டு பென் டிரைவ்லயும் இருக்கணும், ஒண்ணு கெட்டா இன்னொண்ணு.”

“மூணு நாளா ஒண்ணு சொல்லணும்னு பார்க்கிறேன், நீ வாயை மூடினாத்தானே! இந்தாங்க குருவே, முதல்ல இதைக் கேளுங்க” என்று லவோன் ஒரு பென் டிரைவை நீட்டினாள்.

செட்ரிக் ஹெட்போனை ஒரு காதில் வைத்துக் கண்ணை மூடினான்.

“நிமிஷத்துக்கு நூத்தம்பத்திரெண்டு தட்டு. பழைய சிகாகோ சரக்கு. என்கிட்ட இசைத்தட்டே இருக்கு.”

“இருக்காது. செவ்வாய்க்கிழமைதான் வந்துச்சு.”

“அப்போ எவனோ காப்பியடிச்சிருக்கான். பதிவும் மட்டம். தண்ணிக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு. எந்த ஸ்டூடியோ?”

“ஆஸ்பத்திரி ஸ்கேன் ரூம்.”

லவோன் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

“எட்டு வருஷமா நாம காத்துக்கிட்டிருந்த ஆளு. காப்பியடிச்சிருந்தா உன்னைப் பார்த்துத்தான் அடிச்சிருக்கும்.”

செட்ரிக் ஹெட்போனை இரண்டு காதுக்கும் இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“இதை இன்னொரு பென் டிரைவ்லயும் போட்டு வெச்சியா?”