சிவப்புத் தீற்றல்

"வெக்கங்கெட்டவ. புருஷன் தண்ணியில சாகுறான், இவ விளக்குக்காரனைத் தேடிப் போயிருக்கா."

என் மதுக்கடைச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தில் விரலை வைத்து அழுத்தினார் கூல்வென். ஊரின் மீட்புப் படகுக்குத் தலைவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஓவியம், வருஷா வருஷம் பாரிஸிலிருந்து வந்து எங்கள் கரையில் உட்கார்ந்து வரைகிற தெலோர்ம் இந்த முறை வந்ததும் ஆசையாக எனக்குக் கொடுத்தது. எங்கள் கலங்கரை விளக்கம்தான். கிட்டே போனால் கோபுரமும் இல்லை, கடலும் இல்லை, வெறும் சாயத் தீற்றல்கள். கோபுரத்துக்கு அடியில், பாறை ஓரமாக, சிவப்பாக ஒன்று.

"எப்ப வரைஞ்சது?" கூல்வென் கேட்டார்.

"போன வருஷம் புயல் வந்துதே, அன்னிக்குச் சாயங்காலம்," என்றார் பக்கத்து மேசையில் இருந்த தெலோர்ம். "காத்து என் குடையையே பிடுங்கிட்டுப் போயிடுச்சு. மறுநாள் விடிஞ்சதும் ஊருக்குக் கிளம்பிட்டேன்."

"கேட்டுக்குங்கப்பா. ஹெர்வே செத்த அன்னிக்கு. ஊர்ல சிவப்புச் சால்வை லெனாயிக்கைத் தவிர யார்கிட்ட இருக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு எல்லாப் படகும் கரையேறிவிட்டன, ஹெர்வேயுடையதைத் தவிர. அவன் பெண்டாட்டி லெனாயிக் இவர் வீட்டுக்கு ஓடி, மீட்புப் படகை இறக்கச் சொல்லிக் காலைப் பிடித்தாள். இவர் மீட்புப் படகுக் கொட்டகைக்குப் போய்விட்டு வந்து, "கொட்டகை வாசல்ல நின்னு பார்த்தேன். கண்ணுக்கெட்டின தூரம் ஒரு படகுப் பாயும் இல்ல. நடுக்கடல்லயே போயிட்டான்" என்று கைவிரித்துவிட்டார். அவளும் விடவில்லை. ஏன் இறக்கவில்லை என்று சந்தையிலும் மாதா கோயில் வாசலிலும் கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் வாயை அடைக்க இவருக்கு ஒரு சொட்டுச் சாயம் கிடைத்துவிட்டது.

"விளக்குக்காரன் ஏன் படகைப் பார்க்கலைன்னு இப்பப் புரியுதா?" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த அவருடைய துடுப்புக்காரர்கள் சிரித்தார்கள். "இவளுக்கு இனிமே யாரும் வேலை குடுக்கக் கூடாது."

"ஐயா, வரைஞ்சவர் நீங்கதானே. இது பொம்பளையா? வாயைத் திறந்து சொல்லுங்க," என்றேன்.

தெலோர்ம் நெளிந்தார். "சிவப்பு தெரிஞ்சுது, வெச்சேன். என்னன்னு யோசிக்கலை. இதை மூக்கு முட்ட நின்னு பார்க்கக் கூடாதுங்க. தள்ளி நின்னு பார்க்கணும்."

"தள்ளி நின்னா மட்டும் அவ பத்தினி ஆயிடுவாளா?" என்றார் கூல்வென்.

வாசலில் லெனாயிக் நின்றிருந்தாள். கடையின் மேசை விரிப்புகளை வெளுத்துக் கொண்டுவந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"உள்ள வராத," என்றார் கூல்வென்.

அவள் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அது சால்வை இல்ல," என்றாள். "பாய்."

துடுப்புக்காரர்களில் மூத்தவர் மலோ எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். நானும் போனேன். அங்கிருந்து தீற்றலெல்லாம் கூடி வந்தது. கோபுரம், பாறை, அலை. அலைமேல் சரிந்து, கரையைப் பார்த்து ஒரு சிவப்புப் பாய்.

யாரும் சிரிக்கவில்லை.

"வேற யாரோட படகாவது இருக்கும்," என்றார் கூல்வென்.

"மத்ததெல்லாம் கரையில இருந்துச்சு," என்றார் மலோ.

"இருக்கட்டும்யா. அந்த மழையில கொட்டகை வாசல்ல நின்னவனுக்குப் பாறை எப்படித் தெரியும்? உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

மலோ தெலோர்ம் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க எங்க உட்கார்ந்து வரைஞ்சீங்க?"

"குடைதான் போயிடுச்சே. மீட்புப் படகுக் கொட்டகை வாசல்லதான் ஒதுங்கினேன்," என்றார் தெலோர்ம். "இருட்டுற வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். ஒருத்தரும் வரலையே."