பதினாலாம் நம்பர்

"நாளெல்லாம் பனியில கம்பம் ஏறுற வேலைங்க. கம்பளி சாக்ஸ் வேணும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது, குதிகாலும் சீக்கிரம் கிழியக் கூடாது" என்றார் லைன்மேன்.

கடைக்காரர் ஒரு பெரிய கூடையைக் காட்டினார்.

லைன்மேன் ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் விரலை விட்டுத் துழாவி, உள்ளே இருந்த சின்னச் சீட்டைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். ஏழு, பதினொன்று, மறுபடியும் ஏழு.

"என்ன சார் தேடறீங்க? எல்லாம் ஒரே ஃபாக்டரி சரக்குதான்."

"பதினாலு வேணும்."

"சைஸா?"

"இல்லைங்க. சீட்டுல பதினாலுன்னு போட்டிருக்கணும்."

கூட வந்த மனைவிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "ஏங்க, மானத்தை வாங்காதீங்க. ஏதாவது ஒண்ணை எடுத்துட்டு வாங்க" என்று முணுமுணுத்தாள்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூடையைக் கவிழ்க்காத குறையாகக் கிளறி, மூன்று ஜோடி கண்டுபிடித்தார். இழுத்துக்கூடப் பார்க்காமல் பில் போடக் கொடுத்தார்.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ராசி நம்பரா சார்?"

"ராசியெல்லாம் இல்லைங்க. ஃபாக்டரியில ஒவ்வொரு சாக்ஸையும் சோதிச்சு அனுப்பறவங்களோட நம்பர் இது. பதினாலு யாருன்னா, இதோ, என் வீட்டுக்காரி!"

"அவங்க பார்த்து அனுப்பினா அவ்வளவு நம்பிக்கையா?"

லைன்மேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. என்கிட்ட இருக்குற ஒரு குறையைக்கூட இவ கண்டுபிடிக்காம விட்டதில்லை. சாக்ஸுல விட்டுடுவாளா?"