இரண்டு ஸ்பூன்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கவில்லை என்பதைக் காதைக் கொடுத்து உறுதி செய்துகொண்டாள். பிறகு அலமாரியின் மேல்தட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்தாள். கணவரின் ஓட்ஸ் கஞ்சியில் இரண்டு ஸ்பூன் போட்டு, இருந்த இடம் தெரியாமல் கரைகிறவரை கலக்கினாள்.

விஷம் என்று பதற வேண்டாம். வெண்ணெய்தான்.

மூன்று வாரமாக வேளை தவறாமல் நடக்கிறது இந்தக் கைங்கரியம். காலையில் கஞ்சியில், மதியம் அவித்த பீன்ஸில், ராத்திரி சூப்பில்.

முன்பெல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிள் மிதிக்கிற ஆள். கிளப் நண்பர்களோடு பத்து கிலோமீட்டர் போவார், பேக்கரியில் இருபது கிலோமீட்டருக்கான தீனியை முடித்துவிட்டு வருவார். அவளுடைய தம்பி அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘உருளை’. நாலு பேர் நடுவில் அப்படியே கூப்பிடுவான், இவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்து வைப்பார்.

இரண்டு மாதமாக மனுஷனுக்குப் பேய் பிடித்துவிட்டது. விடிவதற்குள் நாற்பது கிலோமீட்டர். வந்ததும், வியர்வை சொட்டும் இறுக்கமான கால்சட்டையை வாளியில் போடாமல் குழாயிலேயே மாட்டுவார். பல் தேய்க்கப் போகிறவளின் மூக்குக்கு நேரே அது தொங்கும். முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைச் சிங்க்கில் கவிழ்ப்பார். அவித்த காலிஃபிளவர் நாற்றம் தலையணை உறை வரை ஏறிவிட்டது. ஒவ்வொரு கவளத்தையும் முப்பது தடவை மென்று, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். எதிரே உட்கார்ந்து பார்க்கிறவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

பீரையும் விட்டுவிட்டார். அதில் மட்டும் அவளுக்குக் குறையில்லை. முந்தாநாள் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். கேட்டதற்கு, “ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுத்தேன். சைக்கிள் மிதிக்கிறவன் அப்பப்ப பாத்துக்கணும்ல” என்றார். அதற்கும் ஒரு பகட்டு.

இதையெல்லாம்கூடச் சகித்திருப்பாள். ஆனால் கூடப்பிறந்தவன் ஆஸ்பத்திரியில் கல்லீரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கிறான். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஏன் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் தொண்டையில் சோறு இறங்காமல் தவிக்கும்போது, எதிரே இந்த மனுஷன் ஆப்பிள் துண்டைத் தராசில் வைத்துக் கிராம் பார்க்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன், அப்படி அவர் கிராம் பார்த்த ஆத்திரத்தில்தான் முதல் ஸ்பூன் வெண்ணெய் விழுந்தது. “இன்னிக்கு சூப் வாய்க்கு வக்கணையா இருக்கே, என்ன போட்டே?” என்று கேட்டார். “உப்பு” என்றாள்.

காலண்டரில் இன்றைய தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ‘80’ என்று எழுதி வைத்திருந்தார். இந்த மாதம் கிளப்காரர்கள் மலை ஏறப் போகிறார்கள். வேறெதற்கு இருக்கும்? ஏறட்டும், பார்க்கலாம் என்று கிண்ணத்தைப் பழைய இடத்தில் வைத்தாள்.

குளியலறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு வந்தவர், மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, எடை மெஷினில் ஏறினார். எண்கள் தடுமாறி எண்பத்து மூன்றில் நின்றன.

இறங்கினார். மெஷினை வேறு மூலைக்குத் தள்ளி வைத்து ஏறினார். எண்பத்து மூன்று.

“எப்படி? ஒரு கிராம் விடாம அளந்துதானே திங்கறேன்? மூணு வாரமா அப்படியே நிக்குதே!”

“வயசாகுதுல்ல. ஆசைப்பட்டா ஆச்சா, உடம்பு கேக்க வேணாமா?” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஈரத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்ப ஆரம்பித்தார். மூக்கு ஒழுகியது, மடிப்பு மடிப்பான வயிறு குலுங்கியது.

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

“சீ! பாக்கவே அருவருப்பா இருக்கு. என் தம்பி அங்க உசுருக்கு ஊசலாடிட்டிருக்கான். நீங்க மலை ஏற முடியலைன்னு இங்க ஒப்பாரி வைக்கிறீங்களா? உருளைன்னு கூப்பிட்டதை இன்னும் மனசுல வச்சிருக்கீங்க, அதானே?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த மலை? கிளப்புக்கே நான் போறதில்லையே, ரெண்டு மாசமாச்சு.”

“அப்ப அந்த எண்பது?”

“நிச்சயமானப்புறம் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். வீணா உனக்கு ஆசை காட்டிட்டு, கடைசியில இல்லேன்னு ஆயிடக் கூடாதில்ல.” துண்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “உள்ளே கொழுப்பு கட்டியிருக்கு, எண்பதுக்கு இறங்காம கத்தி வைக்க மாட்டேன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அதான் ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. இன்னிக்கு மூணாவது.”

அவள் கையில் ஸ்பூன் இன்னும் பிசுபிசுத்தது.

“யாருக்குக் கத்தி?”

“எனக்குத்தான். என் கல்லீரல்ல பாதி, உன் தம்பிக்கு.”