மூணாம் நம்பர்

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல மூணாம் நம்பர் வெடிச்சிரும் முதலாளி!"

இன்டர்காமில் இதைச் சொல்லிவிட்டு, காசிராஜன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியின் அபாய மணி அலறியது. எல்லா ஷெட்டிலிருந்தும் பெண்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். முதலாளி அறையில் போனை எடுத்தவர் முதலாளி இல்லை, போர்மேன் நாகையா.

விஷயம் இவ்வளவுதான். கம்பெனிக்காகக் காகிதக் குழாய் சுற்றும் மெஷின் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தான் காசிராஜன். மெஷினுக்கு மூன்று அசெம்பிளி. மூன்றாவதில் மட்டும் நூற்றுப் பதினெட்டு பாகங்கள். எது எதோடு சேரும் என்று லேத் பட்டறைக்காரர்களுக்குப் புரிய, அத்தனையையும் தனித்தனியே விலக்கி நிறுத்திப் படம் போட வேண்டும்.

பழைய சாப்ட்வேரில் ஒவ்வொன்றாக நகர்த்தி உயிர் போனது. ஒரு போல்ட்டை இழுத்தால் சம்பந்தமில்லாத ஒரு கியர் இடம் மாறி நிற்கும். போன வாரம் வந்த புது வெர்ஷனில் அந்தத் தொல்லை இல்லை. வரிசையை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் மொத்த அசெம்பிளியும் தானாகப் பிரிந்து, தானாகவே திரும்பச் சேர்ந்தும் காட்டும். அவன் வேலை பழகிய கோயம்புத்தூரில் இதற்கு 'வெடிக்க வைக்கிறது' என்றுதான் பேர். கோயம்புத்தூரில் சொல்லலாம். சிவகாசியில் சொல்லலாமா?

முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகப் பேசினார்.

"மத்த ஷெட்டு ஆளுகல்லாம் உள்ள போயிட்டாக. மூணாம் நம்பர் ஷெட்டுப் பொம்பளையாளுக மட்டும் மாட்டேங்கிறாக. பதினோரு மணிக்குள்ள அவுக உள்ள போகலேன்னா, நீ வெளிய போயிரு."

காசிராஜனுக்குக் கண் எரிந்தது. தூங்கிப் பல நாளாயிற்று. போய்த் தூங்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் மனைவி ரோஜாவுக்கு ஏழாம் மாசம். இந்த வேலையும் போனால் மறுபடி கோயம்புத்தூர், மறுபடி மெஸ் சாப்பாடு. காலை இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான்.

மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த ஷெட்டின் பதினோரு பெண்களும் ரோட்டோரம் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள் அய்யம்மாள். இருபது வருஷமாக வெடிமருந்து அடைக்கிறவள்.

"அக்கா, வெடிக்கும்னு நான் சொன்னது மெஷின் படத்த. உங்க ஷெட்ட இல்ல."

"படம் எப்பிடிய்யா வெடிக்கும்? நாங்க என்ன பச்சப் பிள்ளைகளா?"

"நெசமாத்தான்க்கா."

"அப்ப எங்க கண்ணுல காட்டு. பாத்துட்டு உள்ள போறோம்."

நாகையா தலையில் அடித்துக்கொண்டார். "கலந்த மருந்து அங்கன அப்படியே கெடக்கு தாயி! இன்னும் வெயில் ஏறுனா மருந்து சூடாயிரும், அதுக்குள்ள அடைச்சு முடிக்கணும். படம் பாக்க இதுவா நேரம்?"

யாரும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் பதினோரு பேரையும் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப் போனான். ரெண்டு பேர் உட்காருகிற அறை அது. நெருக்கியடித்து நின்றார்கள்.

காசிராஜன் மவுஸைத் தட்டினான். போல்ட்டுகள் கழன்றன, கியர்கள் விலகின, வெட்டுக் கத்தி தனியே வந்து நின்றது. எல்லாம் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்ப் பொருந்திக்கொண்டன. சின்னச் சத்தம்கூட இல்லை.

"அம்புட்டுத்தானா?" என்றாள் செல்லக்கனி, அந்தப் பதினோரு பேரில் இளையவள். "இதுக்கா செருப்பக்கூடப் போடாம ஓடியாந்தோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அய்யம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"சிதறுனதெல்லாம் அதது எடத்துல வந்து உக்காந்துக்கிருதே தம்பி. நம்ம பக்கம் அப்பிடி ஒரு வெடி உண்டா? இன்னொருக்கா காட்டு."

இன்னொருக்கா காட்டினான். நாகையா வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருந்தது.

"போதும்க்கா, கெளம்புங்க. என் வேலைக்கே ஒல வச்சிராதீக."

"கடேசியா ஒருக்கா தம்பி. எம் மகராசன்ல."

மறுத்துப் பேசக்கூட அவனுக்குத் தெம்பில்லை. போனால் போகட்டும் என்று மூன்றாவது தடவையும் மவுஸைத் தட்டினான்.

வெட்டுக் கத்தி இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது தரை ஒரு குலுங்கு குலுங்கியது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டியது. காது அடைத்துப் போயிற்று. வெளியே, ஷெட்டுகள் இருந்த பக்கம், சாம்பல் நிறப் புகை எழும்பியது. நாகையா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்டர்காம் மணி அடித்தது. காசிராஜன் எடுத்தான். முதலாளிதான்.

"காசி... மூணாம் நம்பர் போயிருச்சுலே. உள்ள எத்தன பேருலே இருந்தாக?"

காசிராஜன் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு தலையாக எண்ணினான்.

"எல்லாரும் என் ரூம்லதான் நிக்காக முதலாளி."