முதற் பெயர்

ஆய்வுக் கட்டுரையில் சாலிஹின் பெயர் முதலாவதாக அச்சாகி வந்த நாளிலிருந்து கனகசிங்கத்துக்கு வயிறு எரிந்தது.

உருண்டையான அணுக்கரு, நியூத்திரன் ஒவ்வொன்றாகக் கூடக்கூட, ஓரிடத்தில் சட்டென்று முட்டை வடிவாகிவிடும். அந்த இடத்தைக் கணக்கிட்டவர்கள் இருவரும்தான். ஆனால் பல்கலைக்கழக வளாகத்தில் எல்லோரும் கை கொடுத்தது சாலிஹுக்கு.

கல்லடிப் பாலத்து இராணுவச் சென்றியில் இருவரும் வந்த பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சாலிஹின் பையிலிருந்து கட்டுரையை எடுத்த அதிகாரி அணுக்கருப் படங்களைப் புரட்டினார்.

“இது யார் செய்தது?”

“நான்...” என்று சாலிஹ் வாயெடுத்தான்.

இங்கேயுமா? கனகசிங்கம் முன்னால் பாய்ந்தான். “இவருக்கு ஒண்டும் தெரியாது சேர்! எல்லாம் என்ட மூளை!”

“நல்லது. அணுகுண்டு செய்றவன் ஜீப்பில ஏறு.”

ஜீப் நகர்ந்தது. செருப்புக் கழல, சாலிஹ் பின்னால் ஓடிவந்தான்.

“பொய் சேர்! அவர் சும்மா எழுதித் தந்தவர். முழுக்க என்ட கணக்கு!”

அவனையும் ஏற்றினார்கள். கனகசிங்கம் பல்லைக் கடித்தான்.

“அங்கயும் உன்ட பேரைத்தான் முதல்ல சொல்லுவாய், என்ன?”

“ஓம் மச்சான்,” என்றான் சாலிஹ் மெல்ல. “முதல் பேருக்குத்தான் அடி கூட விழும்.”

விடிந்ததும் விட்டார்கள், கனகசிங்கத்தை மட்டும்.